பேஸ்மென்டுக்குப் பழைய விறகு அடுப்பு வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் கனடாவின் ஸ்காபரோவில் இருந்து பீற்றர்பரோவுக்குப் பக்கத்தில் ஒரு இரண்டு மாடி வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. 2025 மார்ச் கடைசியில் பெய்த உறைமழையில் எங்களுக்கு ஐந்து நாள் கரண்ட் இல்லை. காஸ் ஃபேர்னஸ் இருந்தும் வீடு குளிர்ந்துபோய்விட்டது. மாமாவும் மாமியும் பேஸ்மென்ட் அறையில்தான் இருக்கிறார்கள். அந்த ஐந்து நாளும் அவர்கள் பட்ட பாடு சொல்ல முடியாது. இப்போது கிஜிஜி விளம்பரத் தளத்தில் ஒருவர் 500 டொலருக்கு ஒரு விறகு அடுப்பு போட்டிருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் பழசு, ஆனால் நன்றாக எரியும் என்கிறார். குழாய்த் துண்டுகளும் சேர்த்துத் தருவாராம். எங்கள் பேஸ்மென்டில் வெளிச்சுவரோடு ஒரு பழைய செங்கல் புகைக்கூடு இருக்கிறது. முன்பு எண்ணெய் ஃபேர்னஸுக்குப் பாவித்தார்களாம். அது சரிவராவிட்டால் ஜன்னலால் குழாயை வெளியே விடலாம் என்று என் தம்பி சொல்கிறான். வாங்கலாமா? விற்பவர் அனுப்பிய படங்களை இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள். உங்கள் பக்கத்தில் பழைய விறகு அடுப்புக்குப் பஞ்சமே இல்லை.

உங்கள் பயம் நியாயமானது. ஃபேர்னஸ் எரிவது காஸில் என்றாலும், அதன் காற்றாடியும் கட்டுப்பாட்டுப் பலகையும் கரண்டில் ஓடுபவை. கரண்ட் போனால் குழாய் நிறையக் காஸ் இருந்தும் வீடு குளிரும். 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. நத்தார் கழிந்தும் இருட்டில் இருந்த வீடுகள் உண்டு. அந்த நாட்களில் கராஜுக்குள் ஜெனரேட்டர் ஓட்டி, அந்தப் புகையால் இறந்தவர்களும் ஒன்ராறியோவில் இருந்தார்கள். ஆகவே கரண்ட் இல்லாத நாளுக்கு ஒரு சூடு வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தை நான் மறிக்கமாட்டேன். அதை எங்கே வைக்கப் போகிறீர்கள், எதனோடு இணைக்கப் போகிறீர்கள் என்பதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

புகைக்கூடு துப்புரவும் அடுப்புப் பரிசோதனையும்தான் இருபது வருடத்துக்கு மேலாக என் தொழில். என்னைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலானோர் அடுப்பை வாங்கி, நாலு பேர் சேர்ந்து படியால் இறக்கி, இடத்தில் வைத்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள். அப்போது நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. நீங்கள் முன்னமே கேட்டது நல்லது. அடுப்பைப் பிறகு பார்ப்போம், முதலில் புகைக்கூடு.

அடுப்பு எரிவது புகைக்கூட்டின் இழுவையால். சூடான புகை மேலே போகப் போகக் கீழே இழுவை உண்டாகி, அது அடுப்புக்குள் காற்றைக் கொண்டுவருகிறது. ஊர் அடுப்படியை நினைத்துப் பாருங்கள். அங்கே புகைக்கூடு இழுக்காத நாளில் கண் எரியும், அம்மா ஊதுகுழலை எடுப்பார், அவ்வளவுதான். கதவும் ஜன்னலும் திறந்தே கிடக்கும். ஓட்டு இடுக்காலும் புகை போய்விடும். இங்கே குளிர்காலத்தில் இண்டு இடுக்கெல்லாம் அடைத்த வீடு. இழுவை திரும்பினால் புகைக்குப் போக்கிடம் கிடையாது.

பேஸ்மென்டில் அந்த இழுவை திரும்புவதற்கான வாய்ப்பு வீட்டின் வேறெந்தத் தளத்தையும் விட அதிகம். குளிர்காலத்தில் வீடே ஒரு பெரிய புகைக்கூடு மாதிரி நடந்துகொள்ளும். சூடான காற்று மேல்மாடிக்கு ஏறி, கூரைக்குக் கீழே உள்ள இடுக்குகளாலும் மேல் ஜன்னல்களாலும் வெளியேறும். போன காற்றுக்கு ஈடாகக் கீழிருந்து, பேஸ்மென்ட் வெடிப்புகளாலும் ஓட்டைகளாலும் வீடு காற்றை உறிஞ்சும். உங்களுடையது இரண்டு மாடி. உயரம் கூடக் கூட உறிஞ்சலும் கூடும். அந்த வீட்டுக்குப் பேஸ்மென்டில் திறந்திருக்கும் புகைக்கூடும் ஒரு ஓட்டைதான்.

அதிலும் உங்கள் செங்கல் புகைக்கூடு வெளிச்சுவரில் நிற்கிறது. மூன்று பக்கமும் குளிர். உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கும். இப்படியான வீடுகளில் அடுப்பு மூட்டாத நாளில் அதன் கதவைத் திறந்தால் முகத்தில் குளிர்காற்றும் பழைய சாம்பல் மணமும் அடிக்கும். அங்கே தீக்குச்சியை உரசினால் முதல் புகை முழுவதும் அறைக்குள்தான் வரும்.

மூட்டும்போது வரும் புகையாவது கண்ணுக்குத் தெரியும். என்னைப் பயப்படுத்துவது விடியப்புற நேரம். விறகு எரிந்து முடிந்து தணல் மட்டும் கிடக்கும். சூடு குறையக் குறைய இழுவையும் குறையும். வெளியே குளிர் ஏறுவதால் வீட்டின் உறிஞ்சல் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் புகைக்கூட்டின் இழுவையை வீட்டின் உறிஞ்சல் மிஞ்சிவிடும். தணலில் புகை இல்லை, மணமும் பெரிதாக இல்லை. ஆனால் கார்பன் மொனொக்சைட் நிறைய வரும். அது அறைக்குள் இறங்கும்போது யாரும் இருமமாட்டார்கள், யாரும் விழித்து எழும்பமாட்டார்கள். அந்தப் பேஸ்மென்டில்தான் உங்கள் மாமாவும் மாமியும் படுத்திருக்கிறார்கள்.

இதோடு நம் வீடுகளுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. சமையலறைக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் ஹூட். பொரியல் மணம் வீட்டில் தங்கக்கூடாது என்று நாம் பலமான ஹூட்டாகப் பார்த்து வாங்குகிறோம். ஒரு வீட்டில் நான் பேஸ்மென்ட் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து பரிசோதித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள்ளே சுவாலை நிமிர்ந்து எரிந்துகொண்டிருந்தது. மேலே அந்த வீட்டு அக்கா மீன் பொரிக்க ஹூட்டைப் போட்டார். சுவாலை முதலில் சோர்ந்தது. பிறகு கதவின் மேல் விளிம்பால் சாம்பல் நிறத்தில் நூல் போல ஒரு புகை வெளியே வந்து நெளிந்தது. ஹூட்டை நிறுத்தச் சொன்னேன். நூல் உள்ளே திரும்பியது. மறுபடி போடச் சொன்னேன்; மறுபடி வந்தது. உடுப்புக் காயவைக்கும் ட்ரையரையும் சேர்த்துப் போட்டபோது நூல் கயிறளவுக்குத் தடித்தது. அந்த அடுப்பில் ஒரு குறையும் இல்லை. புகைக்கூடும் போன மாதம்தான் துப்புரவாக்கியது.

கரண்ட் போன நாளில் ஹூட்டும் ட்ரையரும் ஓடாது என்பீர்கள். உண்மைதான். ஆனால் அடுப்பை வாங்கி வைத்த பிறகு கரண்ட் போகும்வரை யாரும் காத்திருப்பதில்லை. முதல் குளிருக்கே மூட்டிவிடுவோம். பேஸ்மென்டில் இரண்டாவது சமையலறை வைத்து அதற்கும் ஒரு ஹூட் போட்ட வீடுகளில், அதே தளத்தில் விறகு அடுப்பு வைக்க நான் சம்மதிப்பதே இல்லை. உங்கள் கடிதத்தில் அதைப்பற்றி எதுவும் இல்லை. இருந்தால் பேஸ்மென்ட் திட்டத்தை இத்தோடு விட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் வீடு எப்படி என்று நீங்களே பார்க்கலாம். ஒரு ஊதுபத்தி போதும். நல்ல குளிரான, காற்று அடிக்காத ஒரு காலையில் எல்லா ஜன்னலையும் மூடிவிடுங்கள். செங்கல் புகைக்கூட்டின் அடியில் துப்புரவுக்காக ஒரு சிறிய இரும்புக் கதவு இருக்கும். அதை இரண்டு விரல் அளவு திறந்து, ஊதுபத்தியை அதன் அருகில் பிடியுங்கள். புகை உள்ளே போனால் இழுவை மேலே. உங்கள் பக்கம் சாய்ந்தால் வீடு காற்றைப் புகைக்கூட்டால் உறிஞ்சுகிறது. பிறகு ஹூட், ட்ரையர், குளியலறைக் காற்றாடிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ஆறின புகைக்கூட்டில் செய்யும் சோதனை இது. அடுப்பு சூடாக எரியும்போது இழுவை இதைவிடப் பலமாக இருக்கும். ஆனால் மூட்டும் நேரத்திலும் தணல் நேரத்திலும் என்ன நடக்கும் என்பதை அந்த ஊதுபத்தி நேர்மையாகக் காட்டிவிடும்.

அதே கதவுக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் காஸ் ஃபேர்னஸோ சுடுதண்ணீர்த் தாங்கியோ இப்போதும் அந்தப் புகைக்கூட்டில் இணைக்கப்பட்டிருக்கிறதா? இணைத்திருந்தால் அதே வழியில் விறகு அடுப்பை இணைக்க முடியாது. காஸுக்கும் விறகுக்கும் ஒரே புகைவழியைப் பாவிக்க இங்கே அனுமதி இல்லை.

எண்ணெய் ஃபேர்னஸுக்கு இருந்த புகைக்கூட்டை அப்படியே விறகுக்குப் பாவிக்கவும் வேண்டாம். எண்ணெய்ப் புகையில் இருக்கும் அமிலம் உள்ளே உள்ள களிமண் ஓடுகளை வருடக்கணக்காக அரித்திருக்கும். ஓடு உடைந்த இடத்தில் நெருப்பு நேரே செங்கல்லுக்கும், செங்கல்லோடு ஒட்டிய மரத்துக்கும் போகும். அளவும் பொருந்தாது. இப்போதைய அடுப்புகள் பெரும்பாலும் 6 அங்குலக் குழாய்க்குச் செய்தவை. பழைய செங்கல் வழி அதைவிட அகலமானது. அகலமான, குளிர்ந்த வழியில் புகை மெதுவாக ஏறி, ஆறி, சுவரில் தார் மாதிரிப் படியும். அதுதான் கிரியோசோற். அது தீப்பிடித்தால் புகைக்கூட்டுக்குள் வெப்பம் 1,000 பாகை செல்சியஸைத் தாண்டும். இதற்குத் தீர்வு, மேலிருந்து கீழ்வரை வெப்பக் காப்புச் சுற்றிய துருப்பிடிக்காத உருக்குக் குழாயை உள்ளே இறக்குவது. செய்யலாம், ஆனால் உங்கள் 500 டொலர் அடுப்பைவிட அதற்குப் பல மடங்கு செலவாகும்.

தம்பியின் ஜன்னல் யோசனை வேண்டவே வேண்டாம். அவனோடு எனக்குக் கோபமில்லை, நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறான். அடுப்புக்கும் புகைக்கூட்டுக்கும் நடுவில் வரும் ஒற்றைத் தகட்டுக் கறுப்புக் குழாய் வீட்டுக்குள் பாவிக்க மட்டுமே. அதற்கும் எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் இடையில் 18 அங்குலம் இருக்க வேண்டும். ஜன்னல் சட்டம் மரம் அல்லது பிளாஸ்டிக். வெளியே போனதும் அந்தத் தகடு குளிர்ந்து, இழுவை செத்து, கிரியோசோற் சொட்டத் தொடங்கும். சுவரைத் துளைத்து வெளியே போவதானால் 650 பாகை செல்சியஸ் வெப்பத்துக்குப் பரிசோதிக்கப்பட்ட, ஆலையில் செய்த காப்புள்ள இரட்டைச் சுவர்ப் புகைக்கூடு வேண்டும். யூஎல்சி எஸ்629 என்ற கனடியத் தரத்தின் இலக்கம் அதில் இருக்கும். அது கூரையைத் தாண்டி 3 அடியாவது எழ வேண்டும். 10 அடிக்குள் உள்ள எந்தக் கூரைப் பகுதியையும் விட 2 அடி உயரமாகவும் இருக்க வேண்டும். பேஸ்மென்டில் இருந்து இரண்டு மாடி வீட்டின் கூரைக்கு மேலே என்றால் எவ்வளவு உயரம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அத்தனையும் வெளிச்சுவரோடு, குளிரில்.

விற்பவர் சேர்த்துத் தரும் குழாய்த் துண்டுகளைப் பொறுத்தவரை, அவர் புகைக்கூட்டுத் துண்டுகளையும் சேர்த்துச் சொல்கிறார் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரட்டைச் சுவருக்குள் இருக்கும் காப்பு நெருப்புக் கண்டதா, ஈரம் குடித்ததா என்று வெளியே தெரியாது. ஒரு நிறுவனத்தின் துண்டை இன்னொன்றின் துண்டோடு இணைக்கவும் கூடாது.

இப்போது அடுப்பு. நீங்கள் அனுப்பிய ஐந்து படங்களில் நான்கு அடுப்பின் முகத்தைக் காட்டுகின்றன. எனக்கு வேண்டியது ஐந்தாவது, பின்பக்கப் படம். அங்கே ஒரு உலோகத் தகடு திருகியிருக்கிறது. யாரோ அதன்மேல் கறுப்பு வர்ணம் விசிறியிருக்கிறார்கள். பாதி எழுத்து மறைந்துவிட்டது. அந்தத் தகடுதான் அடுப்பின் பிறப்புச் சான்றிதழ். எந்தத் தரத்தின்படி பரிசோதித்தது (கனடாவில் யூஎல்சி எஸ்627, அமெரிக்க அடுப்பானால் யூஎல் 1482), எந்தப் பரிசோதனைச் சாலை, எந்த மாதிரி, சுவரில் இருந்து எத்தனை அங்குலம் தள்ளி வைக்க வேண்டும் எல்லாம் அதில்தான் இருக்கும். விற்பவரிடம் கேட்டு, மெதுவாக வர்ணத்தைத் துடைத்துவிட்டுப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் அடுப்பை மறந்துவிடுங்கள்.

தகடு இல்லாவிட்டால் என்ன? கனடாவில் விறகு அடுப்புப் பொருத்தும் விதிநூல் பி365. அதன்படி, பரிசோதனைச் சான்று இல்லாத அடுப்பைச் சுற்றி எரியக்கூடிய எதற்கும் 48 அங்குலம் இடைவெளி விட வேண்டும். இரண்டரை அடி அகல அடுப்புக்கு இரண்டு பக்கமும் நான்கு நான்கு அடி. உங்கள் பேஸ்மென்டில் அப்படி ஒரு பத்தடி இடம் சும்மா கிடக்கிறதா? சுவரை மறைக்கும் தகட்டை ஓர் அங்குலக் காற்று இடைவெளி விட்டு அடித்தால் பக்க இடைவெளியை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கலாம். ஆனால் சான்று இல்லாத அடுப்பு என்றதுமே பல காப்புறுதி நிறுவனங்கள் கையை விரித்துவிடும்.

இடைவெளியைப் பற்றி நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ட்ரைவோல் என்ற ஜிப்சம் சுவர்ப்பலகை எரியாது, அதனால் பயமில்லை என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். ஒரு வீட்டில் அடுப்புக்குப் பின்னால் இருந்த ட்ரைவோலைக் கழற்றினேன். முன்பக்கம் வெள்ளை வர்ணம் அப்படியே இருந்தது. கொஞ்சம் பழுப்பு, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் நின்ற மரச் சட்டம் கறுத்து, விரலால் தொட்டதும் கரியாக உதிர்ந்தது. ஏழு குளிர்காலம் எரித்திருக்கிறார்கள். இப்படித் தொடர்ந்து சூடு குடித்த மரம் புதிய மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பிடிக்கும். நேற்றுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது அங்கே நல்ல செய்தி இல்லை.

வயதைப் பொறுத்து இன்னொரு கணக்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான இபிஏ 1988இல் விறகு அடுப்புகளுக்கு முதல் புகைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. 1990இல் இருந்து செய்யப்பட்ட சாதாரண அடுப்பு மணிக்கு 7.5 கிராமுக்கு மேல் புகைத்துகள் விடக்கூடாது என்றானது. 2020இல் அது 2 கிராமுக்கு இறங்கியது. 1973க்குப் பின் எண்ணெய் விலை ஏறிய காலத்தில் வந்த பெரிய இரும்புப் பெட்டி அடுப்புகளுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அவை விறகு தின்னும், கிரியோசோற் கக்கும். உங்களுடையது இருபது வயது என்றால் கட்டுப்பாடு வந்த பின் செய்ததாக இருக்கலாம். ஆனால் படத்தில் கண்ணாடி இல்லாத இரட்டைக் கதவு தெரிகிறது. அதைப் பார்த்தால் எனக்கு நாற்பது வயது போலத்தான் தோன்றுகிறது. இதையும் தகடு சொல்லிவிடும். மொன்றியலில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 2018 அக்டோபர் முதல் மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் புகைத்துகள் விடும் அடுப்பை எரிக்கத் தடை இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனால் மட்டும் விலக்கு.

தகடு சரி என்று வைத்துக்கொள்வோம். நேரில் பார்க்கப் போகும்போது அடுப்பு ஆறியிருக்க வேண்டும். ஒரு பலமான ரோச் லைற்றை எரியவிட்டு அடுப்புக்குள் வைத்து, கதவைச் சாத்தி, அறை விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு சுற்றிவந்து பாருங்கள். காற்று வருவதற்கென்று வைத்த துளைகளைத் தவிர வேறெங்கும் வெளிச்சம் தெரியக்கூடாது. வார்ப்பிரும்பு அடுப்பில் தலைமயிர் போல ஒரு கோடு ஒளிர்ந்தால் அது வெடிப்பு, திரும்பி வந்துவிடுங்கள். துண்டுகள் பொருந்தும் இடுக்கில் வெளிச்சம் கசிந்தால், கழற்றிப் புதுச் சீமெந்து பூசி மூட்டலாம். ஆனால் அது பழகிய கைக்குரிய வேலை. கதவு விளிம்பில் கசிந்தால் கயிற்றுப் பட்டி தேய்ந்திருக்கிறது, அது சின்னச் செலவு. ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் நல்லது.

உள்ளே மேற்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். சுவாலையைத் திருப்பும் ஒரு தடுப்புத் தகடு இருக்கும். அது வாழைமட்டை மாதிரி வளைந்து தொங்கினால், அந்த அடுப்பை அளவுக்கு மிஞ்சி எரித்திருக்கிறார்கள். உருக்கு உடம்பு புடைத்திருந்தாலும், ஒரு பக்கம் மட்டும் வெள்ளை படர்ந்திருந்தாலும் அதே கதைதான். தீச்செங்கல் உடைந்திருந்தால் கவலை வேண்டாம், மாற்றலாம். குழாய் பொருந்தும் கழுத்தில் துரு செதில் செதிலாக உதிர்ந்தால் வேண்டாம். மேல் துரு மட்டும் என்றால் கம்பித் தூரிகையால் போய்விடும்.

இத்தனையும் தேறினாலும், பேஸ்மென்ட் சூடு மேலே வருமா என்றும் யோசியுங்கள். சூடு மேலே ஏறும், அதனால் கீழே வைப்பதுதான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். விறகு அடுப்பின் சூட்டில் பெரும்பகுதி, வெயில் மாதிரி, எதிரே இருப்பதில் நேராகப் போய் விழும். காப்பில்லாத கொங்கிரீட் சுவர் எதிரே இருந்தால் அந்தச் சுவர் குடித்து வெளியே மண்ணுக்குக் கொடுத்துவிடும். கரண்ட் இல்லாத நாளில் ஃபேர்னஸ் காற்றாடியும் ஓடாது. படிக்கட்டால் ஏறும் சூடு மட்டும்தான் மேல்தளத்துக்கு. மாமாவின் அறை கொதிக்கும், பிள்ளைகளின் அறை குளிரும். நிலத்தில் ஓட்டை வெட்டிச் சூட்டை ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தீப்பிடித்தால் புகையும் அதே ஓட்டையால்தான் ஏறும்.

ஆகவே என் முடிவு இதுதான். இந்த அடுப்பை, இந்தப் பேஸ்மென்டுக்கு வாங்க வேண்டாம். விறகு அடுப்பு வேண்டும் என்ற ஆசை உறுதியாக இருந்தால், குடும்பம் கூடும் முதல்தள அறையில் வையுங்கள். புகைக்கூட்டை வீட்டுக்குள்ளாலேயே நேராக மேலே கொண்டுபோய்க் கூரையால் விடுங்கள். வீட்டுக்குள் நிற்கும் புகைக்கூடு எப்போதும் சூடாக இருக்கும், இழுவை திரும்பாது என்றே சொல்லலாம். கரண்ட் போனால் மாமாவையும் மாமியையும் அந்த அறைக்குக் கூட்டிவந்துவிடலாம். எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பது அந்த நாட்களில் நல்லதும்கூட. அதற்குத் தகடுள்ள, 1990க்குப் பிந்திய நல்ல பழைய அடுப்பு ஒன்றைத் தேடினால் நான் சந்தோஷமாகப் பார்த்துச் சொல்வேன்.

செய்யும் ஒழுங்கு முக்கியம். முதலில் காப்புறுதி நிறுவனத்துக்கு அழைத்து, விறகு அடுப்புக்கு என்ன கேட்பார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் வெட் சான்று பெற்றவரின் அறிக்கை கேட்பார்கள். வெட் என்பது இங்கே விறகு அடுப்புத் தொழிலாளரைப் பயிற்றிச் சான்று கொடுக்கும் அமைப்பு. பிறகு நகரசபையில் கட்டட அனுமதி. ஒன்ராறியோவில் அது கட்டாயம். அதற்குப் பின் வெட் சான்றுள்ள ஒருவர் வீட்டுக்கு வந்து புகைக்கூட்டின் பாதையைப் பார்த்து, விலை எழுதித் தரட்டும். புதிய புகைக்கூட்டுக்குப் பல ஆயிரம் டொலர் ஆகும் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு கடைசியில்.

அந்தச் செலவு கையைக் கடித்தால் வேறொரு வழியும் இருக்கிறது. சில வருடத்துக்கு ஒருமுறை வரும் ஐந்து நாள் மின்வெட்டுக்காக மட்டும் என்றால், ஃபேர்னஸை ஜெனரேட்டரில் ஓட்டும்படி உரிமம் பெற்ற மின்னியலாளரைக் கொண்டு ஒரு மாற்று இணைப்புப் போட்டுக்கொள்ளலாம். அதுவே உங்களுக்குப் பொருத்தம் என்று நான் நினைக்கிறேன். ஜெனரேட்டர் எப்போதும் வெளியே, கதவு ஜன்னலை விட்டு நன்றாகத் தள்ளி. கராஜ் கதவைத் திறந்துவிட்டு உள்ளே வைப்பதும் கூடாது.

எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், இந்தக் கிழமையே கார்பன் மொனொக்சைட் அலாரத்தைப் பாருங்கள். காஸ் ஃபேர்னஸ் உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அது இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம். மாமாவின் அறைக்குப் பக்கத்திலும் ஒன்று வேண்டும். சுவரில் செருகும் வகையானால் உள்ளே பற்றரி இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். பற்றரி இல்லாதது கரண்ட் போன அன்றே செத்துவிடும். உங்களுக்கு அது வேண்டியதே அன்றைக்குத்தான்.

விறகைப் பற்றி இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று: அடுப்பு முதல்தளத்துக்கு வருமானால், வரும் குளிருக்கான விறகை இந்த வசந்தத்திலேயே பிளந்து, மழை படாமல், காற்றுப் படும்படி அடுக்க வேண்டும். ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இறங்க ஆறு மாதமாவது வேண்டும், ஓக் போன்றவற்றுக்கு அதைவிடக் கூட. ஐப்பசியில் காய்ந்த விறகு என்று விற்பவரிடம் ஒரு கட்டையைப் பிளக்கச் சொல்லி, பிளந்த முகத்தில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். ஊரில் பாளையும் மட்டையும் வைத்து எரித்துப் பழகிய மாமிக்கு, கட்டையைக் கையில் தூக்கினாலே பச்சையா காய்ந்ததா என்று தெரிந்துவிடும். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தகட்டின் தெளிவான படம் கிடைத்தால் அனுப்புங்கள். ஊதுபத்தி எந்தப் பக்கம் சாய்ந்தது என்றும், மாமா மாமியின் கட்டில் அந்தச் செங்கல் சுவரில் இருந்து எவ்வளவு தூரம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.